ஓடாத காரின் நீலக் குழாய்கள்

8 மார்ச் 1976, திங்கள்

காலையில் குளிர், பத்து மணிக்கு வெயில், பின்னேரம் தூறல். மெல்பேர்ன் வழக்கம்போல.

கராஜில் நானே கட்டும் காருக்கு நேற்று நாலு எக்ஸோஸ்ட் புகைக்குழாயும் பூட்டி முடிந்தது. குரோம் பூசிய புதுக் குழாய்கள், முகம் பார்த்துத் தலை வாரலாம். விரல் எண்ணெய் பட்ட இடம் முதல் சூட்டிலேயே எரிந்து கறையாகிவிடும், பிறகு ஒருக்காலும் போகாது என்று காரை உதிரிகளாக விற்ற கிட் கம்பெனிக்காரனின் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஸ்பிரிட் போட்டு இரண்டு தரம் துடைத்தேன். சிநேகிதன் குணத்துக்கும் சொன்னேன், இனிக் குழாயில் கை வைத்தால் கை இருக்காது என்று. சிரித்தான். அவனுக்கு எல்லாம் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இப்போது டண்டினொங்கில் சாமான் கிடங்கில் பின்னேர ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கராஜில் ஸ்பானர் எடுத்துத் தருவது.

ஆக மிச்சம் சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்ராட் பண்ணுவது மட்டும்தான். உடல் பெட்டிபெட்டியாக வந்தது, ஃபைபர் கிளாஸ். எஞ்சின் எங்கள் பழைய காரின் எஞ்சின். ஸ்பிரிங்வேல் சந்தியில் சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒருவன் வந்து, என் மனைவி பவானி இருந்த பக்கமாக இடித்துத் தள்ளினானே, அந்தக் கார். கதவு நசுங்கி அவள் தோள் எலும்பு போனது. எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்ல எஞ்சினை ஏன் எறிய வேண்டும்.

அன்றிலிருந்து பவானி நான் ஓட்டும் காரில் ஏறியதில்லை. வேறு ஆட்களின் காரில் ஏறுவாள், பின் சீற்றில், கண்ணை மூடிக்கொண்டு. வேலைக்கு ரயில், கடைக்கு பஸ். பிழை என்னுடையது இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போக வாங்கிய பழைய காரின் முன் சீற்றில் இன்றுவரை என் சாப்பாட்டுப் பெட்டிதான் பயணம் செய்கிறது.

அதனால்தான் வேண்டுமென்றே இரண்டு சீற் காராக எடுத்தேன். பின் சீற் என்ற கதைக்கே இடமில்லை. ஏறினால் எனக்குப் பக்கத்தில்தான் ஏற வேண்டும். படத்தைக் காட்டியபோது ப. சீற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

சனிக்கிழமை ஆட்களைக் கூப்பிட்டு முதல்தரம் ஸ்ராட். அதற்கு:
– தீப்பொறி விழும் நேரம் பார்க்க ரைமிங் விளக்கு (வேலையிடத்தில் இரவல், வெள்ளி கிடைக்கும்)
– பற்றரி சார்ஜ்
– கதிரைகள், குணத்தின் அறையிலிருந்து
– ரோல்ஸ், வடை (ப.)
– கமராவுக்கு ஃபிலிம்
– சாவி திருப்புவது நான். வேறு ஒருவரும் இல்லை.
– திருப்பியதும் ப.வைப் பக்கத்தில் ஏற்றி ஒரு படம். முன்கூட்டிச் சொல்வதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் ப. பஞ்சாங்கத்தோடு வந்து இருந்தாள். ஊரிலிருந்து வருடா வருடம் கப்பல் தபாலில் வருகிறது, நான் எரித்தாலும் வரும்.

“சனிக்கிழமை மரணயோகம் போட்டிருக்கு. புதன்கிழமை நல்ல நாள். காலமை செய்யலாம்.”

“புதன்கிழமை எனக்கு வேலை.”

“லீவு எடுக்கேலாதே?”

“எஞ்சினுக்கு நாள் பாக்க லீவு எண்டு ஃபோர்மனுக்குச் சொல்லவோ?”

“அந்தக் காருக்கும் நாள் பாக்கேல்லை,” என்றாள்.

பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் குடித்துவிட்டு சிவப்பு விளக்கில் வந்ததற்கும் நாங்கள் கார் வாங்கிய கிழமைக்கும் என்ன சம்பந்தம். சொன்னேன். பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது, இங்கே சூரியன் வடக்குப் பக்கத்தால் போகிறது, மார்ச்சில் இலை கொட்டுகிறது, இந்த ஊர் மரணயோகத்தை இந்த ஊர்க்காரனிடம்தான் கேட்க வேண்டும். அதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். வாதத்தில் வென்றது நான். வென்ற மாதிரி இல்லை.

9 செவ்வாய்

காற்று. பக்கத்து வீட்டு ரோனின் குப்பைத்தொட்டி மூடி எங்கள் முற்றத்தில். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலையில் ஃபோர்மன் என் பெயரை நாலு வருடமாக ‘நேட்’ என்கிறான். இன்றைக்குத் திருத்தினேன். நடராஜா. மூன்று தரம் சொல்லிக் காட்டினேன். “அதைத்தானே சொன்னேன், நேட்” என்றான்.

பின்னேரம் கராஜ். எண்ணெய், தண்ணீர், பெற்றோல் எல்லாம் விட்டாயிற்று. ரைமிங் இப்போதைக்குக் கண்மதிப்பில். தீப்பொறி கொஞ்சம் பிந்தி விழும்படி வைத்திருக்கிறேன், முந்தி விழுந்தால் எஞ்சின் உதைக்கும். பிந்தினால் சூடு முழுக்கக் குழாய்க்குள்தான் போகும், குழாய் கெட்டுவிடும். பரவாயில்லை, வெள்ளிக்கிழமை விளக்கு வந்ததும் சரியாக்கலாம். அதற்குள் யார் ஸ்ராட் பண்ணப்போகிறார்கள்.

ப. பேசினாள். உப்பு முடிந்துவிட்டது என்று. பேச்சு அவ்வளவுதான்.

10 புதன்

திடீர்ச் சூடு. ப.வுக்குத் தலையிடி, வேலைக்குப் போகவில்லை. எனக்கு ஓவர்டைம், வீடு வர இருட்டிவிட்டது. களைப்பு, கராஜ் பக்கம் போகவில்லை.

கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய் (டின்னில் வந்தது, பரவாயில்லை), பொரியல், சொதி. தலையிடிக்காரிக்கு எதற்கு இவ்வளவு சமையல். திங்கட்கிழமைச் சண்டைக்குச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சாப்பிடவில்லை. பசியில்லையாம். முகம் வெளிறிக் கிடந்தது. தலையிடி பொய்யில்லைப் போல.

நாளைக்கு மழையாம்.

11 வியாழன்

மழை. எழுத்து கோணல்.

வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, பற்றரி பார்க்கக் கராஜுக்குப் போனேன். பொனற்றைத் தூக்கினேன். முதலில் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கைவிளக்கை எடுத்து வந்து திரும்பப் பார்த்தேன்.

நீலம். நாலு குழாயும். எஞ்சினோடு சேரும் இடத்தில் மயில்கழுத்து நீலம், அதற்குக் கீழே ஊதா, அதற்கும் கீழே தேன் நிறம். மூன்றாவது குழாய் மற்றதையெல்லாம்விட மோசம்.

இந்த நிறம் பூச்சில்லை, அழுக்கில்லை. சூடு பட்டால் வருவது. எஞ்சின் ஓடினால்தான் குழாய் சுடும். நான் ஓட்டவில்லை. ஓடாத காருக்கு நீலக் குழாய். அப்படியானால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

முதல் குழாயின் முகப்பில் விரல் நுனியளவு வட்டமாக ஒரு கறுத்த கறை. எரிந்து ஒட்டிப்போயிருந்தது. மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். சந்தனம். பொட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிட் போட்டு இரண்டு தரம் துடைத்த குழாய்க்குப் பொட்டு.

குசினிக்குப் போனேன். ப. ரோல்ஸுக்கு மா கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் ஸ்ராட் பண்ணினது?”

கை நிற்கவில்லை. “நேற்று. குணம் வந்தவர்.”

“என்னத்துக்கு?”

“நாள் வைச்சனாங்கள்.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினாள். குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, மாவைக் கரைத்தபடி.

“பயணம் போற நாள் சரியில்லையெண்டால், முதல் நல்ல நாளிலை உடுப்புப் பெட்டியைக் கொண்டுபோய் அயல்வீட்டிலை வைக்கிறதில்லையே? பயணம் அண்டைக்கே துவங்கின கணக்கு. பிறகு எப்ப வெளிக்கிட்டாலும் பிழையில்லை. அது மாதிரித்தான். நேற்று நல்ல நேரத்திலை ஒருக்கா ஸ்ராட் பண்ணி நிப்பாட்டினது. இனிச் சனிக்கிழமை நீங்கள் செய்யிறது முதல்தரம் இல்லை.”

முதல்தரம் இல்லை. இரண்டு வருடம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முதுகு முறிய அந்தக் கராஜில் கிடந்தது எதற்கு. அந்த முதல்தரத்துக்குத்தான். அதைத் தூக்கிக்கொண்டுபோய் அயல்வீட்டில் வைத்துவிட்டார்கள்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் விடுவியளே?”

“விடமாட்டன்.”

“அதுதான்.”

வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எழுத விருப்பமில்லை. படித்த மனுசி என்றேன், இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை பார்க்கிறவள் என்றேன், குணத்தைக் கண்டபாட்டுக்கு ஏசினேன். ப. மாவில் உப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அது இன்னும் கோபம்.

சாப்பிடவில்லை. பாண் இருந்தது, அதையும் தொடவில்லை. 

12 வெள்ளி

தூறல் விட்டுவிட்டு. காலையில் வேலைக்குப் போகமுன் இன்னொருதரம் பொனற்றைத் தூக்கினேன். புண்ணைச் சொறிகிற மாதிரி, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் கோபத்தில் யோசிக்கவில்லை. ஒருக்கா ஸ்ராட் பண்ணி நிற்பாட்டினால் குழாய் இளஞ்சூடுதான். தேன் நிறம்கூட வராது. நீலத்துக்குப் போக, அதுவும் மயில்கழுத்து நீலத்துக்கு, நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடியிருக்க வேண்டும். பிந்திய ரைமிங்கில், காற்றுப் படாமல், கராஜுக்குள்.

வேலைக்குப் போகிற காரை எடுக்கும்போது ரோன் வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளி பிடுங்கிக்கொண்டு நின்றான். நானாகக் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், புதன்கிழமை உன் எஞ்சின் கேட்டேன், அருமையாக ஓடியது என்று. தக்காளிக்கு முழுக்கத் தண்ணீர் விட்டானாம், பின்பக்கப் புல்லுக்கும் விட்டு முடித்தானாம், அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். வாழ்த்துச் சொல்லி இரண்டு தக்காளி தந்தான். வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது.

மத்தியானம் வேலையிடத்திலிருந்து குணத்துக்கு ஃபோன். அவன் வாடகைக்கு இருக்கும் அறையின் வீட்டுக்காரி எடுத்து, அவனைக் கூப்பிட்டு, அவன் வர என் சில்லறைக் காசு பாதி போய்விட்டது.

“மச்சான், கோவிக்காதை,” என்றான் எடுத்தவுடன். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

“எவ்வளவு நேரம் ஓடவிட்டனீ?”

“ஒரு தேவாரம் பாடி முடியேல்லை. நிப்பாட்டிப் போட்டன்.”

“ஆருக்கடா காது குத்திறாய்? குழாய் நாலும் நீலம். ரோன் தோட்டம் முழுக்கத் தண்ணி விட்டு முடியுமட்டும் கேட்டவன்.”

 பின்னால் அவன் வீட்டுக்காரியின் ரேடியோ மட்டும்.

“அக்சிலரேற்றரை மிதிச்சு விளையாடினனீயோ? எஞ்சின் என்ன உன்ரை கொப்பன் வீட்டு எஞ்சினோ?”

“இல்லையடாப்பா.”

“அப்ப?”

“பவானியிட்டைக் கேள். என்னட்டைக் கேளாதை.” குரலில் சிரிப்பில்லை. குணம் சிரிக்காமல் பேசி நான் கேட்டது இதுதான் முதல்தரம். அதற்காகவும் கோபம் வந்தது. இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றேன். “சரி மச்சான்,” என்று வைத்துவிட்டான்.

ரைமிங் விளக்கு கிடைத்தது. இனி அது எதற்கு.

பின்னேரம் சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்த எல்லாருக்கும் ஃபோன் பண்ணி வரவேண்டாம் என்றேன். காரணம்: பற்றரி பழுது. ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் தன்னுடைய பற்றரியைக் கொண்டுவந்து தருவதாக நின்றார், அவரை வெட்டிவிடப் பெரும்பாடு. ப. குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். ரோல்ஸ் எல்லாம் சுருட்டி முடிந்து தட்டில் அடுக்கியிருந்தது.

அவளைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை சொல்லுவாள், அதையும் நம்பவேண்டி வரும். பிறகு அதற்கும் குழாயைப் போய்ப் பார்க்கவேண்டும்.

13 சனி

வெயில். நல்ல சனிக்கிழமை. மரணயோகமாம்.

காலை முழுக்கக் கராஜில். பொலிஷ், பழைய துணி. ஊதாவும் தேன் நிறமும் தேய்க்கத் தேய்க்கப் போகிறது. நீலம் போவதுபோல இருக்கும், துணியைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயே இருக்கும். பொட்டு அசையவே இல்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் உடைந்தது. கிட் கம்பெனிக்காரனை ஏசினேன், குரோம் பூசினவனை ஏசினேன், குணத்தின் பரம்பரையை ஏசினேன். ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். சுவர் பெயர்ந்துவிட்டது, இனி அதையும் பூச வேண்டும்.

ஆட்கள் வரவேண்டிய நேரத்துக்கு ப. வந்தாள். கையில் தட்டு, ரோல்ஸ், தேத்தண்ணி. வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கவிழ்த்து வைத்த மரப்பெட்டியில் இருந்தாள்.

“குணத்தை ஏன் வரவேண்டாமெண்டு சொன்னனீங்கள்?”

“அவன் பொய் சொன்னவன்.”

“நான்தான் சொல்லச் சொன்னது.”

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நாள் வைச்சது மெய்தான்,” என்றாள். “ஆனா அதுக்கு ஒரு நிமிசம் போதும். குணம் நிப்பாட்டப் போனவர். நான்தான் நிப்பாட்ட விடேல்லை.”

“ஏன்?”

“இருந்து பாத்தனான்.”

“எங்கை?”

சீற்றைக் காட்டினாள். சாரதி சீற் இல்லை, மற்றது.

துணியைக் கீழே வைத்தேன்.

“அதே சத்தம்,” என்றாள். “வேறை கார், வேறை நிறம், ஆனா சத்தம் அதே சத்தம். நீங்கள் அந்த எஞ்சினைத்தான் போடுறியள் எண்டு தெரியும். தெரிஞ்சும் கேட்டோடனை இருக்க ஏலாமல் போச்சு. இறங்கி ஓடிப்போய் உந்தத் தண்ணித் தொட்டியிலை சத்தி எடுத்தனான். குணம் பயந்திட்டார், எஞ்சினை நிப்பாட்டப் போனார். வேண்டாம் எண்டனான். வாயைக் கழுவிப்போட்டுத் திரும்ப வந்து இருந்தனான். திரும்ப இறங்கினன். திரும்ப ஏறினன். அப்பிடியே நேரம் போட்டுது.”

“கராஜுக்குள்ளை புகை. செத்துப்போவீர், தெரியுமே?”

“கதவு முழுக்கத் திறந்துதான் இருந்தது. குணம் வாசல்லை நிண்டவர்.”

குணம் நின்றிருக்கிறான். அவள் சத்தி எடுத்ததை அவன் கண்டிருக்கிறான். ஏறி இறங்கி ஏறியதைக் கண்டிருக்கிறான். இரண்டரை வருடம் நான் காத்திருந்தது அதற்கு. அது நடந்தபோது நான் தொழிற்சாலையில் ஒரு பம்ப் மூடிக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் போனால் போகட்டும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“என்னைக் கேட்டிருக்கலாம். நான் லீவு போட்டிருப்பன்.”

“நாள் பாக்க லீவு போடமாட்டன் எண்டனீங்களே.”

“இதுக்குப் போட்டிருப்பன்.”

“உங்களுக்கு முன்னாலை ஏலாது,” என்றாள். “நான் இறங்கினால் உங்கடை முகம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும். சனிக்கிழமை எல்லாச் சனத்துக்கும் முன்னாலை ‘ஏறும், ஒரு படம் எடுப்பம்’ எண்டு கட்டாயம் சொல்லுவியள். அதுக்கு முதல் ஒருக்கா ஆரும் இல்லாமல் பாக்கவேணும் எண்டு நினைச்சன். கார் ஸ்ராட் பண்ண எனக்குத் தெரியாது, அதுதான் குணம்.”

படம் எடுப்பது பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதை அவளிடமே சொன்னேன்.

“உங்களை எனக்குத் தெரியாதே?” என்றாள்.

 தேத்தண்ணி ஆறிப்போனது. ரோல்ஸ் ஒன்று எடுத்தேன், கை முழுக்கப் பொலிஷ், அதோடேயே கடித்தேன். காரம் கூடிவிட்டது. நல்லது.

கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். கடைசியில், கடைசித்தரம் ஏறினபோது.

“இருந்தனான்,” என்றாள். “கண்ணைத் திறந்துகொண்டு.”

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். குணத்தோடு இன்னும் கோபம். அவளோடும். அந்தச் சிவப்பு விளக்குக்காரனோடு சாகும்வரை. பொலிஷ் டின்னை மூடி வைத்தேன்.

குணத்துக்கு ஃபோன் பண்ணவில்லை. எடுத்து இலக்கம் சுழற்றிப் பாதியில் வைத்துவிட்டேன்.

14 ஞாயிறு

மேகம், மழையில்லை. காலையில் ரோல்ஸ். மத்தியானமும் ரோல்ஸ். இந்தக் கிழமை முழுக்க ரோல்ஸ்தான் போல.

குணம் வந்தான். கூப்பிடாமலே, வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு. படியேறவில்லை, கேற்றில் நின்றான். “படி ஏறாதை எண்டனீ, கேற்றைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.” ரைமிங் விளக்கைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான்.  எஞ்சின் முதல் திருப்பிலேயே எடுத்தது. முதல் திருப்பு என்று எழுதக்கூடாது, இரண்டாவது. ரைமிங் சரியாக்கியதும் சத்தம் தணிந்து, ஒழுங்காக ஓடியது. அவன் விளக்கை அணைத்துவிட்டு, ரோல்ஸ் நாலு வாங்கிக்கொண்டு போய்விட்டான். வேறு நேரமென்றால் சாப்பிட்டுப் போ என்றிருப்பேன். இன்றைக்கு வாய் வரவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோதே ப. வந்தாள். சப்பாத்துப் போட்டிருந்தாள், கோயிலுக்குப் போகிற மாதிரி கைப்பை.  முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியாமல் சூடு காட்டும் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எடுங்கோ,” என்றாள்.

பதிவு இல்லை, நம்பர் தகடு இல்லை, பொலிஸ் பிடித்தால் வழக்கு. எங்களுடையது முட்டுத்தெரு, கடைசி வரை போனால் பத்துப் பன்னிரண்டு வீடு. எடுத்தேன்.

முதல் வீடு. ரோன் குழாயைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான், தண்ணீர் அவன் காலில். இரண்டாம் வீடு. மூன்றாம் வீட்டு வாசலில் ப.வின் மூச்சு மாறியது. எஞ்சின் சத்தத்துக்கு மேலாலேயும் கேட்டது.

“நிப்பாட்டுங்கோ.”

நிற்பாட்டினேன். இறங்கினாள். மூன்று வீடு. இத்தனைக்கும் பிறகு மூன்றே மூன்று வீடு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும், மறைக்கவும் முடியவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நடக்கத் தொடங்கினாள். வீட்டுப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. தெருவின் அந்தக் கடைசியை நோக்கி, காரோடு சேர்ந்து, என் பக்கத்தில். கூரையில்லாத கார், கதவு இடுப்பளவுதான். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் என்ன செய்வது. முதல் கியரில், கிளச்சில் காலை வைத்து, அவள் நடைக்கு நடை. நாலாம் வீடு. ஐந்தாம் வீட்டு நாய் குரைத்தது. யாரோ திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். ஃபைபர் கிளாஸ் காரில் ஒருவன், பக்கத்தில் காரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் மனைவி. பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பொனற்றுக்கு மேலால் வெப்பம் ஆடியது. இந்த வேகத்துக்குக் காற்றே படாது.

“இப்பிடி ஊர்ந்துகொண்டு போனால் குழாய் இன்னும் நீலமாகும்,” என்று கத்தினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“ஆகட்டும்,” என்றாள்.

ஏழாம் வீடு. கையை எடுக்கவில்லை.